அன்னம் நேராக நின்ற தறி

போன மாதம் உங்கள் சேலை டிசைன் பிரிவுக்கு என்னைக் கூப்பிட்டு சால்வை போர்த்தினீர்கள். டீ கொடுத்தீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு மயிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினீர்கள். கிளம்பும்போது உங்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண் வாசல்வரை வந்து கேட்டாள். "சார், டிசைன் படிப்பு படிக்காமலே டிசைனர் ஆக முடியுமா? நீங்க எப்படி ஆனீங்க?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவினேன். பஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பதில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு மாதமாக அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். முடியும் அம்மா. நான் ஆனேன். எப்படி ஆனேன் என்று தெரிந்தால் போர்த்திய சால்வையைத் திருப்பிக் கேட்பீர்கள்.

எனக்கு ஐயம்பேட்டைப் பக்கம். ஏர் பிடித்த குடும்பம். நெசவுக்கும் எங்களுக்கும் ஏழு ஜென்மத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டு, வண்டிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் அட்டை குத்துகிற வேலை கிடைத்தது. அட்டை என்றால் இப்போது உங்களுக்குப் புரியாது. தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளை மாலையாகக் கோத்து அதில் மாட்டுவார்கள். ஒரு அட்டை என்பது டிசைனில் ஒரு வரி. டிசைனர் கட்டம் போட்ட தாளில் படம் வரைவார். அதைப் பார்த்து வரிவரியாக ஓட்டை போடுகிறவன் நான். யோசிப்பது என் வேலை இல்லை. அப்படித்தான் மானேஜர் சொன்னார்.

யோசித்தேன். என்ன செய்வது, பிறவிக் கோளாறு. பழசாகிக் கழித்துப் போட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி சைக்கிளில் வீட்டுக்கு எடுத்துப் போவேன். ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கட்டத்தாளில் புள்ளி வைப்பேன். முந்நூறு, நானூறு வரி வைத்த பிறகு ஒரு யாளி மெல்ல எழுந்து வரும். எங்கே மூக்கு வளைய எத்தனை புள்ளி விட்டார்கள், எங்கே கண்ணுக்கு ஒரே ஒரு ஓட்டை வைத்தார்கள் என்று பின்னாலிருந்து படித்தேன். என் கல்லூரி அதுதான். அதற்குச் சான்றிதழ் தர யாரும் இல்லை.

சங்கத்தில் அப்போதிருந்த டிசைனர் வேலையை விட்டுப் போனார். புதிய ஆள் வரும்வரை சின்னச் சின்ன வேலைகளை மானேஜர் என் தலையில் கட்டினார். "சும்மா ஒரு கரை போடுப்பா, பெரிய டிசைன் ஆள் வந்து பாத்துக்கும்." இந்தச் சும்மா இரண்டு வருஷம் ஓடியது. சங்கத்தில் வெளிவந்த பாதிச் சேலைகள் என் கை. சம்பளம் அட்டை குத்துகிறவனுக்கு உள்ளதுதான்.

அந்த நாளில் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். உருத்திராட்சக் கரை ஒன்று போட்டேன். கட்டத்தாளில் ஒவ்வொரு மணியும் உருண்டையாக, அழகாக இருந்தது. பட்டில் பாவு என்கிற நெடுக்கு இழை நெருக்கமாக ஓடும், குறுக்கு இழை அவ்வளவு நெருக்கமில்லை. சதுரக் கட்டத்தில் வட்டம் போட்டால் தறியில் அது நீண்டுபோகும். எனக்கு அது தெரியவில்லை.

அந்தக் கரையை நெய்தவன் ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்தில் சொந்த வீட்டில் ஒற்றைத் தறி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். வாயில் எப்போதும் வெற்றிலை. இரண்டு விரல் அகலம் நெய்துவிட்டுச் சட்டைகூடப் போடாமல் துண்டோடு சங்கத்துக்கு வந்தான். நேராக மானேஜரிடம் போகவில்லை. என் மேஜைக்கு வந்து குனிந்து, காதோரம் சொன்னான்.

"இன்னாபா போட்டு வெச்சிருக்க? உருத்திராட்சமா, புளியங்கொட்டையா?"

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. "ஐயோ, நெய்துட்டியா?"

"ரெண்டு விரல்தான். பிரிச்சிடறேன். நீ வேற அட்டை குத்து. கேட்டா, பாவுல இழை அறுந்து போச்சின்னு சொல்லிக்கிறேன். மூஞ்ச தொடைச்சிக்கோ, மானேஜர் பாக்கறாரு."

சரிகை போட்டு நெய்ததைப் பிரிப்பது என்றால் ஒரு முழுநாள் பாடு. இழையைக் கெடுக்காமல் பிரிக்க வேண்டும். தப்பு என்னுடையது, பாடு அவனுடையது. யாருக்கும் தெரியாமல் முடித்தான். அதன்பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. புது டிசைன் எதுவானாலும் இரண்டு மூன்று விரல் நெய்ததும் என்னிடம் ஒரு நடை வந்து, "சரிதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவான்.

பிறகு டிப்ளமோக்காரர் வந்தார்.

மெட்ராஸில் டிசைன் படித்தவர். டிசைனர் வேலைக்குப் படித்த ஆள்தான் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்து, அவரை அனுப்பினார்கள். அவரை நான் வில்லனாக்கி உங்களுக்குக் காட்டினால் எனக்கு வசதி. ஆனால் அவர் நல்ல மனிதர். என்னைவிட நான்கு வயது சின்னவர், என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். கை அருமையான கை. அவர் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் எனக்குப் பொறாமையில் வயிறு எரியும். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. தறி தெரியாது. படம் தெரியும், சேலை தெரியாது.

அவர் வந்த பிறகும் நான் வரைந்துகொண்டுதான் இருந்தேன். வேலை அவ்வளவு. ஆனால் தாளின் அடியில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை அவரே தயங்கினார். "நீங்க போட்டதுல நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" மானேஜர்தான் சொன்னார், "விதிப்படி நீங்கதான் சார் போடணும். இவர் கையெழுத்து செல்லாது." செல்லாதாம். என் கை செல்லும், கையெழுத்து செல்லாது. அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

ஒருநாள் அவர் போட்ட ஒரு மாங்காய்ப் புட்டாவில் வளைவு தறியில் உடையும் என்று எனக்குத் தெரிந்தது. வந்திருந்த சங்க இயக்குநர்கள் இரண்டு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான், சொன்ன இடம் தப்பு. மானேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்பா, சார் மெட்ராஸ்ல படிச்சிட்டு வந்தவரு. நீ எங்க படிச்ச? அட்டை குத்தறவன் அட்டையைக் குத்து." எல்லாரும் சிரித்தார்கள். டிப்ளமோக்காரர் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு மனதுக்குள் ஒரு முடிவு கட்டினேன். இனிமேல் கேட்டாலொழிய ஒரு வார்த்தை சொல்வதில்லை. குத்தச் சொன்னால் குத்துவேன். அதை ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மாதம் போனது. மெட்ராஸில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, தீபாவளிக்குக் கண்ணாடி அலமாரியில் பொம்மைக்குக் கட்டி வைக்க ஒரு சேலை கேட்டது. முந்தி முழுக்க அன்னங்கள், வரிசையாக. அது பிடித்துப்போனால் அதேபோல நிறைய எடுப்பார்கள். சங்கத்துக்கே அது பெரிய விஷயம். டிப்ளமோக்காரர் பதினைந்து நாள் உட்கார்ந்து வரைந்தார். அந்த அன்னத்தின் கழுத்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். அவ்வளவு அழகு.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். எங்கள் சங்கத்தில் சேலையின் உடலை முதலில் நெய்து முந்தியில் கொண்டுபோய் முடிப்பார்கள். கட்டியவள் தோளிலிருந்து முந்தி தொங்கும்போது, கடைசியாக நெய்த நுனிதான் கீழே வரும். அதனால் அன்னத்தின் தலையை முதலில் நெய்ய வேண்டும், காலைக் கடைசியில். தறியில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு அன்னம் தலைகீழாகத்தான் தெரியும். அப்படித் தெரிந்தால்தான் கட்டியவள் முதுகில் நேராக நிற்கும். டிப்ளமோக்காரர் தாளின் ஓரத்தில், முதல் வரி இது என்று சிவப்புப் பென்சிலால் அம்பு போட்டிருந்தார். அம்பு அன்னத்தின் காலடியில் இருந்தது.

பார்த்தேன். முதல் அட்டையை எடுக்கும்போதே பார்த்தேன். பக்கத்து அறையில்தான் அவர் உட்கார்ந்திருந்தார், ஏழெட்டு அடி தூரம். எழுந்துபோய், "சார், அம்பை அந்தப் பக்கம் போடுங்க" என்றால் முடிந்தது. அவர் நன்றி சொல்லியிருப்பார், அவர் சுபாவம் அப்படி. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் என்ன நினைத்தேன் தெரியுமா? மெட்ராஸில், கண்ணாடி அலமாரியில், ஊர் பார்க்க அன்னங்கள் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கட்டும். அப்போது தெரியட்டும் யார் டிசைனர் என்று. அந்த நாற்காலி காலியாகும். அதில் நான் உட்காருவேன். இதை மறந்தோ தெரியாமலோ செய்யவில்லை. தெரிந்தே, அட்டை அட்டையாகக் குத்தினேன்.

சேலை ஏகாம்பரத்தின் தறிக்குத்தான் போனது. அவனைவிட்டால் அந்த நேர்த்தியில் நெய்ய ஆள் இல்லை. உடலை முடித்து முந்தியில் நாலு விரல் நெய்துவிட்டு, வழக்கம்போல வந்தான். அதே துண்டு, அதே வெற்றிலை வாய்.

"அன்னம் என் மூஞ்சிக்கு நேரா நிக்குதுபா. காலு மொதல்ல வருது. தலை இல்ல மொதல்ல வரணும்? சரிதானா?"

நான் மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டிசைனர் போட்டது. அப்படியே நெய்."

"இல்லபா, எனக்கு இன்னமோ இடிக்குது. நாலு விரல்தான் ஆயிருக்குது. இப்பவே சொன்னா பிரிச்சிடுவேன்."

"நெய்யின்னு சொல்றேன்ல."

என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று தெரியும், நான் பார்க்கவில்லை. "சரி, நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சேலை முடிந்து வந்தது. சங்கத்துக் கூடத்தில் பாய்மேல் விரித்தார்கள். தரையில் விரித்த சேலைக்கு மேலேது, கீழேது? அந்தப் பக்கம் நின்றவருக்கு அன்னம் நேராகத்தான் தெரிந்தது. ஆகா ஓகோ என்றார்கள். மானேஜர் தன் கையாலேயே மடித்தார். எட்டாம் நாள் சேலை திரும்பி வந்தது. பொம்மைக்குக் கட்டிய பிறகுதான் கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். கூடவே வந்த கடிதத்தை மானேஜர் இரண்டு தடவை படித்தார். அந்தக் கடையோடு தொடர்பே அறுந்தது.

டிப்ளமோக்காரர் அன்று ஊரில் இல்லை. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று போயிருந்தார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கட்டத்தாள் இருக்கிறதே, அம்பு இருக்கிறதே, எப்படியும் அவர்மேல்தான் விழும் என்று இருந்தேன். மானேஜர் என்னையும் ஏகாம்பரத்தையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். மேலிடம் அனுப்பிய ஆளைக் குற்றம் சொன்னால் கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் தாளைக் கையில் எடுக்கவே இல்லை.

"அட்டையைச் சரியாத்தானே குத்தின?"

"தாள்ல இருந்தபடி குத்தினேன் சார்."

ஒரு எழுத்து பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

மானேஜர் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "அப்போ நீதான்டா அட்டையைத் தலைமாத்தி மாட்டிட்ட. கடைசி அட்டையை மொதல்ல வெச்சிட்ட."

அப்படியும் நடக்கும்தான். மாலையைத் திருப்பி மாட்டினால் படம் கவிழும். ஆனால் இருபது வருஷம் தறியில் உட்கார்ந்தவன் அதைச் செய்ய மாட்டான். ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை நானும் பார்த்தேன், தப்பிக்க முடியவில்லை. நான் ஒன்று சொல்லுவேன் என்று காத்திருந்தான். வாயைத் திறந்தால், தெரிந்தே குத்தினேன், கேட்டவனையும் நெய்யச் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அட்டை குத்துகிற வேலையும் போகும். சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ வந்து கேட்டே, நான் நெய்யச் சொன்னேன்" என்று நான் சொல்லவில்லை. "நான் போய்க் கேட்டேன், இவன்தான் நெய்யச் சொன்னான்" என்று அவனும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்க இஷ்டம் சார்" என்றான்.

கெட்டுப்போன சேலையைக் கூலிக்குப் பதிலாக அவன் தலையிலேயே கட்டினார்கள். அப்போது அது வழக்கம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இனிமேல் அவனுக்குப் பாவு கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. சங்கம் பாவு கொடுத்தால்தான் தறி ஓடும். இல்லையென்றால் அது வெறும் மரச்சட்டம். பெரிய கடைக்கான சேலையைக் கெடுத்தவன் என்று பெயர் பரவி, தனி முதலாளிகளும் அவனைச் சேர்க்கவில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனான். அன்னத்தின் கண்ணுக்கு ஒற்றை இழை எடுத்த கை அது.

டிப்ளமோக்காரர் ஊரிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். தாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். மானேஜரிடம் போய், தப்பு தன்னுடையது என்றும் சொன்னார். "முடிஞ்சதைக் கிளறாதீங்க சார்" என்று மானேஜர் தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அப்புறம் அவர் என்னிடம் வந்தார்.

"நீங்க பார்த்திருப்பீங்க. எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே சார்" என்றேன். அந்தப் பதிலைப் பல மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புது ஆள் உடனே கிடைக்கவில்லை. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, விதியில் ஏதோ சந்துபொந்து கண்டுபிடித்து, அனுபவத்தின் பேரில் என்று எழுதி, அந்த நாற்காலியைக் கொடுத்தார். 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து செல்லுபடியாயிற்று. இப்படித்தான் அம்மா நான் டிசைனர் ஆனேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஏகாம்பரத்தின் மனைவி ருக்மணி வீட்டுக்கு வந்தாள். கையில் பத்திரிகை. மூத்த பெண்ணுக்குக் கல்யாணம், செவிலிமேட்டில் மாப்பிள்ளை வீட்டிலேயே. "டிசைனர் வீட்டுக்கு வெச்சிட்டு வான்னு சொன்னாருங்க" என்றாள். அந்த வீட்டில் என்னை டிசைனர் என்றுதான் சொல்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். அதற்கும் தைரியம் வரவில்லை.

கல்யாணத்தில் ருக்மணி அந்தச் சேலையைக் கட்டியிருந்தாள். நெசவாளி வீட்டில் இருந்த ஒரே பட்டு அதுதான். முந்தியைத் தொங்கவிடாமல் இழுத்து இடுப்பில் அழுத்திச் செருகியிருந்தாள், ஒரு அன்னம்கூட வெளியே தெரியாதபடி. சந்தனம் கொடுக்கும்போதும் ஆரத்தி எடுக்கும்போதும் ஒரு கை இடுப்பிலேயே இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம், அம்மா முந்தியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கை கழுவும் இடத்தில் ஏகாம்பரம் தண்ணீர் மொண்டு ஊற்றினான். தோளில் மூட்டை தூக்கிய தழும்பு காய்த்துப் போயிருந்தது. அங்கேயே சொல்லிவிட்டேன்.

"நான் அன்னிக்கிப் பாத்தேன்பா. குத்தும்போதே பாத்தேன். தெரிஞ்சேதான் உன்னை நெய்யச் சொன்னேன்."

"தெரியும்" என்றான்.

"தெரியுமா? அப்புறம் ஏன் மானேஜர்கிட்ட சொல்லல?"

சொம்பைக் கீழே வைத்தான். "பக்கத்து ரூம்லதான் டிப்ளமோ படிச்ச டிசைனர் உக்காந்துக்கினு இருந்தாரு. நான் அவரப் போயா கேட்டேன்? உன்னதான வந்து கேட்டேன். இன்னாத்துக்கு? எனக்கு டிசைனர்னா நீதான். நீயே நெய்யின்னுட்ட. அதுக்கு மேல மானேஜர்கிட்ட இன்னாத்தச் சொல்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நெசவு விஷயம் பேசுவதுபோலச் சொன்னான். அப்புறம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "ருக்கு, டிசைனரு கெளம்பறாரு. தாம்பூலம் எடுத்துனு வா."

ருக்மணி தாம்பூலப் பையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். மரியாதைக்கு இரண்டு கை வேண்டுமே. இடுப்பிலிருந்த முந்தி நழுவியது. அவள் திரும்பி நடந்தபோது முதுகில் அத்தனை அன்னங்களும் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கின.

கண்ணாடி போட்ட பெண்ணே, உன் கேள்விக்கு வருகிறேன். நாற்காலி கொடுத்தது மானேஜர். அதற்கு முன்பே என்னை டிசைனராக மதித்து, நாலு விரல் நெய்துவிட்டு மெனக்கெட்டு வந்து கேட்டவன் ஒருத்தன் இருந்தான். அவனுக்கு நான் சொன்ன பதில்தான் மேலே எழுதியிருப்பது. உன்னிடமும் ஒருநாள் யாராவது தறியை விட்டு எழுந்துவந்து, "சரிதானா?" என்று கேட்பார்கள். தலையைத் தூக்கிப் பார்த்துப் பதில் சொல்.